பெயரில்லாத மாத்திரை

காலை ஆறே காலுக்குத் தம்பி இறந்துவிட்டதாக மருத்துவமனையிலிருந்து அக்காவுக்குச் செய்தி வந்தது. கல்லீரல் கெட்டுவிட்டதாம். குழாய் பொருத்தும் வேலை செய்தவன், உடற்கட்டுப் போட்டி ஆசையில் ஜிம்மில் விற்ற மாத்திரையை மூன்று மாதம் விழுங்கியிருந்தான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் ஆரம்பத்திலேயே புட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். என்ன மருந்தென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

“ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷங்க சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்குடா!”

“அப்போ நான்தான் அந்த ஆராய்ச்சி எலி, விடுக்கா,” என்று கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான்.

ஊருக்கெல்லாம் மருந்து சொல்கிறவளின் பேச்சு வீட்டில் எடுபடவில்லை.

சாவுக்குப் பின் கேட்கப் போனவளிடம் ஜிம்காரரோ, “எல்லாரும்தான் சாப்பிடுறாங்க, உங்க தம்பி உடம்பு வாகு அப்படி,” என்று கழன்றுகொண்டார்.

மருந்தின் பெயர் இல்லாமல் புகாரை வாங்க முடியாது என்கிறது மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். அக்கா நிரப்பிய படிவத்தில் அந்த ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.