நானூறு மிட்டாய் நண்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஒப்பந்தத் தொழிலாளி. ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்பெனிக் காகிதத்தில் எனக்கு ஒரு வருடம்கூட ஆனதில்லை. பதினோரு மாதம் முடிந்ததும் 'பிரேக்' என்று சொல்லிப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் புது கேட் பாஸ், புது நம்பர். அதே உலைச் சூட்டில், அதே இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, நேற்றுச் சேர்ந்தவனாக நிற்பேன். பர்மனென்ட் ஆக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே கிடையாது.

வருடத்துக்கு ஒருமுறை மூன்று பேரை பர்மனென்ட்டுக்கு எழுதிக் கொடுப்பவர் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். கைப்பேசியில் பிராணி பிடிக்கும் விளையாட்டு என்றால் மட்டும் அவருக்கு உயிர். ஆலைக்குள் கைப்பேசி கூடாது என்பதால், ஷிப்ட் தொடங்குமுன் சைக்கிள் ஷெட்டில் நின்று ஆடுவார். நானும் அதே விளையாட்டை ஆடுகிறேன் என்று ஒருநாள் அவருக்குத் தெரிந்தது. அன்றுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

விளையாட்டு இதுதான். தெருவில் நடந்தால் திரையில் பிராணிகள் வரும், பிடிக்கலாம். பிடித்தால் அந்தந்த இனத்துக்கு மிட்டாய் சேரும். மிட்டாய் போதுமான அளவு சேர்ந்ததும் பிராணி இன்னொன்றாக மாறும். இதில் எவனோ உட்கார்ந்து விலை வைத்திருக்கிறான் பாருங்கள், அவனைத்தான் நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். புழு பன்னிரண்டு மிட்டாயில் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். எலிக்கு இருபத்தைந்து. வௌவாலுக்கு ஐம்பது. ஒரு குட்டி நண்டு இருக்கிறது. அது கொம்பும் கவசமுமாக நிமிர்ந்து நிற்க நானூறு. புழு என்ன தவம் செய்தது, நண்டு என்ன பாவம் செய்தது? கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

சாருக்கு அந்த நண்டுமேல்தான் கண். ஆனால் அவர் குடியிருக்கும் பக்கம் தண்ணீர் இல்லை. நண்டு தண்ணீர் ஓரத்தில், அதுவும் விடியற்காலையில்தான் வரும். எங்கள் கவரைப்பேட்டைப் பக்கத்தில் ஏரி இருக்கிறது. இரண்டு பேர் அருகருகே நின்றால் பிடித்ததைக் கைமாற்றலாம். ஒரு நண்டு கொடுத்தால் வாங்கியவருக்கு மூன்று மிட்டாய் சேரும்.

"உங்க ஊர்லதான் ஏரி கீதே, கொஞ்சம் பாத்துப் புடிச்சிக் குடேன்" என்றார் சார்.

"இன்னா சார் நீங்க, இதெல்லாம் கேக்கணுமா? நான் புடிச்சாறேன்" என்றேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். பூசாரியே வாய்விட்டுக் கேட்கிறார், விடுவேனா? தினமும் ஐந்து மணிக்கு எழுந்து ஏரிக்கரையில் நடந்தேன். நிஜமாகவே வலை போட வந்தவர் ஒருவர், கைப்பேசியைப் பார்த்தபடி கரையில் முன்னும் பின்னும் போகிற என்னை இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். நண்டு பிடிக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரவில்லை.

என் மனைவிக்கு விஷயம் தெரியும். "நண்டு நண்டுன்னு ஓடறியே, ஒரு நாளாவது கொழம்புக்கு ஆவற நண்டா புடிச்சிக்கினு வாயேன்" என்பாள். ஆனாலும் ஐந்து மணிக்கு எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டுத் தருகிறவள் அவள்தான். பர்மனென்ட் ஆனால் கம்பெனி பஸ் நம் தெருமுனையில் வந்து நிற்கும் என்று பக்கத்து வீடுகளில் அவள் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஏரியில் நடந்து, மின்சார ரயிலைப் பிடித்து, ஷெட்டுக்கு வந்து சார் பக்கத்தில் நிற்பேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கைப்பேசியைக் கைப்பேசியோடு ஒட்டிவைத்திருப்போம். பார்த்தவர்கள் எனக்குச் சாரிடம் ரொம்பச் செல்வாக்கு என்று நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஐந்தாவது மாதம் நானூறு நிறைந்தது. நண்டு பளபளவென்று சுழன்று, கவசமும் கொம்பும் விரித்துத் திரை முழுக்க நின்றது. சார் கண் கலங்கிவிட்டார். பேரன் பிறந்த வீட்டில் சொல்வதுபோல நான் வாழ்த்துச் சொன்னேன். "உன்ன மறக்க மாட்டேன்யா" என்று என் தோளைத் தட்டினார். அந்த வார்த்தையை வீடு வரைக்கும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அடுத்த மாதம் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று பெயர். அதில் ஒருவர் போன வருடம்தான் சேர்ந்தவர், பெரிய மேனேஜருக்கு உறவு. பன்னிரண்டு மிட்டாய்ப் புழு. என் பெயர் இல்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். மூன்று பெயரை எத்தனை தடவைதான் படிக்க முடியும்?

சாரை ஷெட்டில் பிடித்தேன்.

"சார், என் பேரு எழுதலியா?"

அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் பேர எழுதிட்டா நீ ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ல குந்திக்கினு வந்துடுவ. அப்பறம் ஏரிக்கு யாருய்யா போவா? இப்ப கேம்ல ஆமை ஒண்ணு வுட்டுகீறான், பாத்தியா? அதுக்கும் நானூறாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னாரா, உள்ளதைத்தான் சொன்னாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் நானும் சிரித்தேன். அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சிரித்தேன். ஏழு வருடத்தில் அந்த ஆலை எனக்குச் செய்த எதற்கும் நான் இவ்வளவு அவமானப்பட்டதில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் ஐந்து மணிக்கு மனைவி டீயை நீட்டிக்கொண்டே, "லிஸ்ட்டு ஒட்டிட்டாங்களாய்யா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஆமை பிடிக்கக் கிளம்பினேன்.