பெரியப்பாவின் சுத்தமான ரத்தம்

பெரியப்பாவின் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைக் கையில் வாங்கியபோது அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற என்சைம் ஒன்று உண்டு. அது ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் பெரியப்பாவின் பட்டு முதலாளி அவரை அனுப்பியிருந்தார். அவரைக் குணப்படுத்த அல்ல, குடிக்கிறாரா என்று கண்டுபிடிக்க.

சந்தேகம் சேலையில் தொடங்கியது. தறிச் சத்தம் ஓயாத எங்கள் பிள்ளையார்பாளையத்தில் நெய்தவனின் உடம்பைத் துணியை வைத்தே எடை போடுவார்கள். குறுக்கு இழையை ஓட்டுகிற நாடா சேலையின் உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. இரண்டின் இழையும் பூட்டிக்கொள்ளும் இடம் கோர்வை. பெரியப்பாவின் கோர்வை திடீரென்று கோணியது. இழை இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். சாராயக்கடைகள் புதிதாகத் திறந்திருந்த காலம் அது. "கடைக்குப் போயிட்டு வந்தா எனக்குந்தான் ரெண்டு ரெண்டா தெரியும்பா" என்றார் முதலாளி. தெருவே சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை; ஆனால் கணவர் வாய் வைத்த சொம்பை மறைவாக முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

என்சைம் அளவோடுதான் இருந்தது. எனக்கு மேலிருந்தவரும் சரிபார்த்தார். முதலாளி நம்பவில்லை. "தம்பி மகன் பாத்த ரத்தமாச்சே" என்று என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார். ஆனால் அதற்குள் கோர்வை தானாகவே நேரானது. பெரியப்பாவின் இடது இமை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கண்ணை மூடியிருந்தது. ஒற்றைக் கண்ணுக்கு இழையும் ஒன்றாகத்தானே தெரியும்? அது யாருக்கும் தோன்றவில்லை. துணி நன்றாக இருக்கிறது, ஆள் குடியை விட்டுவிட்டான் என்று தெரு முடிவுகட்டியது.

ஒரு காலை, தறியில் உட்கார்ந்திருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் ரத்தம் கலந்திருந்தது. மூளைக்குள் ரத்தக்குழாய் ஒன்று பலூன்போலப் புடைத்து, இமையைத் தூக்கும் நரம்பை அழுத்தி, கடைசியில் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். ரத்தத்தில் முன்பே தெரிந்திருக்காதா, ஏதாவது ஒரு என்சைம் காட்டியிருக்காதா என்று கேட்டேன். இந்தப் புடைப்பைக் காட்டுகிற பரிசோதனை ரத்தத்தில் இல்லையப்பா, இமை காட்டியிருக்கிறது என்றார். மறுநாள் பெரியப்பா போய்விட்டார்.

டாக்டர் சொன்னதை நான் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பாடையைத் தூக்கும் நேரத்தில் அவர் வாசலை மறித்து நின்றார். மாலையோடு வந்திருந்த முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "குடிகாரன்னு தெருவுல நின்னு சொன்னீங்க. இல்லேன்னும் தெருவுல நின்னே சொல்லுங்க. அப்பறம் எடுக்கட்டும்."

முதலாளி மாலையைக் கைமாற்றிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "அவன் குடிக்கல" என்றார். பெரியம்மா விலகி வழிவிட்டார்.

தெருமுனை திரும்பும்போது எனக்குப் பின்னால் வந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "குடிக்கலேன்னா, அத எதுக்குப்பா இப்படி நிறுத்தி வச்சிக்கினு சொல்ல வைக்குது அந்தம்மா?"