பாரிசுக்குப் போன மாமியார்

"ஐயோ, என்ரை பிள்ளையைப் பிரிச்சுப்போட்டாளே!" என்று உள்ளறையில் ஒரு பெண் கதறினாள்.

குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் சிவமலர். உள்ளே கதறியதும் அவள்தான். அவள் மாமியாராக நடிக்கும் தொடரைக் கணவர் இரவிச்சந்திரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் நகரொன்றில், வார நாட்களில் சிவமலர் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல்காரி. சனிக்கிழமையானால் சேலையைப் பையில் திணித்துக்கொண்டு லவாலுக்கு மெட்ரோ ஏறுவாள். அங்கே இயக்குநர் றெனோல்டின் வீட்டு நிலவறையில் படப்பிடிப்பு. பாரிஸிலுள்ள ஒரு தமிழ் இணையத் தொலைக்காட்சி அந்தத் தொடரை வாங்கி வெளியிட்டது. தமிழ்க் கடைகளில் அவளைக் கண்டால் பெண்கள் முறைப்பார்கள். அந்த முறைப்புக்காகவே அவள் உயிர் வாழ்ந்தாள்!

இன்று றெனோல்ட் வீடு தேடி வந்திருந்தான். தேநீரைத் தொடவேயில்லை.

"அக்கா, ஐரோப்பாவிலை சட்டம் மாத்திப்போட்டாங்கள். இப்பிடிப் படம், நாடகம் வைச்சிருக்கிற ஆக்களிட்டை முப்பது வீதமாவது ஐரோப்பாப் படைப்பா இருக்கோணுமாம். அதாலை மிச்சக் கதையைப் பாரிஸிலை எடுக்கப்போகினம்."

"நாங்களும் பிரெஞ்சு கதைக்கிற இடந்தானே, தம்பி?"

"மொழியில்லை அக்கா. எடுக்கிற நாடு."

"அப்ப நான் அழுதது காணாதோ? மறைக்காதேங்கோ."

"அழுகையிலை ஒரு பிழையுமில்லை. கொஞ்சப் பேர் பாக்கிற சின்னத் தொலைக்காட்சியளுக்கு விலக்கும் இருக்காம். ஆனா பாரிஸ் தொலைக்காட்சி முதலாளி விளம்பரம் பிடிக்கிறதுக்கு, ஐரோப்பா முழுக்கத் தன்ரையைத்தான் பாக்குதெண்டு அடிச்சு விட்டிட்டார். இப்ப போய் நான் சின்ன ஆளெண்டு சொல்ல அவருக்கு வெக்கம்."

"அவரின்ரை வெக்கத்துக்கு நான் போகோணுமோ?"

எங்கோ யாரோ எழுதிய சட்டத்துக்கு அவள் கண்ணீர் என்ன கெடுதல் செய்தது?

"மாமியாருக்கு என்ன நடக்கும்?"

"பாரிசுக்குப் போறா. பிளேனாலை இறங்கேக்கை வேறை ஆள்."

சிவமலர் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

"கதையிலை என்னைச் சாக்காட்டிப் போடுங்கோ, தம்பி! என்ரை மருமகளை இன்னொருத்தி திட்டக் கூடாது."

றெனோல்ட் திகைத்து எழுந்தான். "பாரிஸிலை கேட்டு..."

"கேளாதேங்கோ. இஞ்சை எடுத்தா அது கனடாச் சாவோ, ஐரோப்பாச் சாவோ?"

"எனக்கும் விளங்கேல்லை அக்கா."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். கதையில் மாமனார் உயிரோடு இருந்தார். சுமங்கலியாகச் சாகும் பெண்ணுக்கு அவளது கலியாணக் கூறையை உடுத்துவதுதான் வழக்கம்.

"சனிக்கிழமை உங்கடை கூறைச்சேலையைக் கொண்டு வாங்கோ."

அவள் தலையசைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. றெனோல்ட் படியிறங்கினான். கதவு சாத்திக்கொண்டது.