இரண்டு பஸ் வரிசைகளுக்கு நடுவே

ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடங்களாக விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். நான் சேர்ந்த வருடம் அங்கே மைதானம் என்று ஒன்று இருந்தது. பிறகு அதில் பாதியை ஒரு புதிய கட்டடம் எடுத்துக்கொண்டது. மிச்சப் பாதியில் பள்ளி பஸ்களை நிறுத்தினார்கள். சுவரோரமாக ஒரு வரிசை, கட்டடத்தோரமாக ஒரு வரிசை. நடுவே இருபது தப்படி அகலத்துக்கு ஒரு சந்து. பெண்கள் கால்பந்து அணியை நான் பழக்கியது அந்தச் சந்தில்தான்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் அதே பஸ்களில் ஏறிப் போய்விடுவார்கள். ஆகவே விளையாட்டு வகுப்பு நேரம் மட்டும்தான் எங்களுக்கு. பந்து கொஞ்சம் உயர்ந்தால் பஸ் கண்ணாடி. டிரைவர்கள் ஒருநாள் மொத்தமாக வந்து சத்தம் போட்டார்கள். அன்றைக்குத்தான் ஒரு விதி வைத்தேன். பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது. ஒருத்திக்கு இரண்டே டச். முதல் டச்சில் நிறுத்து, இரண்டாவதில் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடு.

“தொடு, கொடு” என்று தமிழில் கத்துவேன். தெலுங்குப் பிள்ளைகளும் உருதுப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் பந்து ஊசியில் நூல் கோத்தது போல அவர்கள் கால்களுக்கிடையில் போய்வந்தது. பக்கத்துப் பள்ளிகளோடு சின்னச் சின்ன மைதானங்களில் ஆடிய ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தோம். கரஸ்பாண்டெண்ட் பள்ளி வாசலில் பெரிய பேனர் வைத்தார். என்னைக் கூப்பிட்டு, “இதையே பிடிச்சுக்கோங்க மேடம். எதையும் மாத்தாதீங்க” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அணியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவுக்கு மாதாப்பூரில் ஐ.டி. வேலை. தினமும் மெட்ரோவில் போய்வருவார். அப்பார்ட்மெண்ட் வராந்தாவில் தனியாக ஆடிப் பழகியவள் அவள். பந்து அவள் காலுக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரை, மூன்று பேரை உடம்பை மட்டும் அசைத்துத் தாண்டிப் போய்விடுவாள். எனக்கு அதுதான் தொந்தரவாக இருந்தது.

அணியிலேயே நான் தமிழில் திட்டினால் புரியக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதனால் மற்றவர்களைவிட அதிகமாகவே வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“எத்தனை தடவைடி சொல்றது? ரெண்டு டச். மூணாவது எதுக்கு?”

“காலீ உந்தி மேடம். முந்து எவரூ லேரு” என்பாள். முன்னால் யாருமில்லை, காலியாக இருந்தது என்று. நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

“காலியா இருந்தா ஓடிடுவியா? மத்தவங்க எல்லாம் எதுக்கு நிக்கறாங்க?”

மூன்றாவது டச் தொட்ட ஒவ்வொரு முறையும் அவளை பஸ் படியில் உட்காரவைத்தேன். இரண்டு ஆட்டங்களில் இறக்கவே இல்லை. நானும் கல்லூரியில் அப்படி ஆடியவள்தான். பந்தை விடாமல் வைத்திருந்து, ஒருநாள் முழங்காலில் அடி வாங்கி, ஆட்டத்தையே விட்டவள். அந்தப் பயம் ஒரு பக்கம். கைவசம் இருந்த ஒரே வழியும் கெட்டுவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் வேலையைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுகிறவர் அதே கரஸ்பாண்டெண்ட். என் மகனும் அங்கேதான் படிக்கிறான். கொஞ்ச நாளில் அவள் மூன்றாவது டச் தொடுவதை நிறுத்திவிட்டாள். திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாவட்ட அரையிறுதி ஒரு முழு அளவு மைதானத்தில் நடந்தது. அவ்வளவு புல்லை எங்கள் பிள்ளைகள் அதற்கு முன் மிதித்ததில்லை. விசில் அடித்துப் பத்து நிமிடத்தில்தான் அதைக் கவனித்தேன். கீப்பர் தவிர பத்துப் பேரும் மைதானத்தின் நடுவில் ஒரு பட்டையாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வெட்டவெளி. பஸ்கள் இல்லை, சுவர் இல்லை. ஆனாலும் ஒருத்தியும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் இதைச் சீக்கிரமே பார்த்துவிட்டார். மூன்று பெண்களை அந்தப் பட்டைக்குள் நிறுத்தினார். எங்கள் பாஸ் எல்லாம் அவர்கள் காலில் போய் முட்டியது. இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் வாங்கினோம்.

“விரிஞ்சு ஆடுங்க. ஓரத்துக்குப் போங்க. தூரமா அடிங்க” என்று இடைவேளையில் மூன்று மொழியிலும் சொன்னேன்.

கேப்டன் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “இத்னா தூர் பால் கைசா ஜாதா மேடம்?” என்றாள். அவ்வளவு தூரம் பந்து எப்படிப் போகும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தூக்கி அடிக்க நான் ஒருநாளும் விட்டதில்லையே.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். பந்து தமிழ்ப் பெண்ணின் காலுக்கு வந்தது. முன்னால் யாருமே இல்லை. எதிரணிக் கீப்பர் கோலை விட்டு வெகுதூரம் வெளியே வந்திருந்தாள். தமிழ்ப் பெண் பந்தை ஒரு முறை தொட்டாள். இன்னொரு முறை தொட்டாள். அப்புறம் நின்றுவிட்டாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடினாள். யாரும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஓடு! ஓடுடி!” என்று கத்தினேன். கோட்டைத் தாண்டி உள்ளேயே போய்விட்டேன். அவள் பந்தைப் பின்னால் இருந்தவளுக்குத் தட்டினாள். நடுவில் புகுந்த எதிரணிப் பெண் அதை எடுத்துக்கொண்டு போனாள். அதோடு முடிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏம்மா ஓடல?”

ஜன்னலிலிருந்து திரும்பினாள். இந்த முறை தமிழிலேயே சொன்னாள். “ஓடணும்னுதான் மேடம் இருந்துச்சு. கால் நின்னுடுச்சு.”

அதில் கோபம் இல்லை. புகார்கூட இல்லை. காய்ச்சல் வந்தவள் எங்கே வலிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“தப்பு உன்மேல இல்ல. என்மேல” என்றேன்.

“பர்வாலேது மேடம்” என்று தெலுங்குக்குத் திரும்பிவிட்டாள். பரவாயில்லையாம். 

மறுவாரம் கரஸ்பாண்டெண்டிடம் போய், வாரத்தில் ஒருநாள் வெளியே ஒரு மைதானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். “வழியில ஏதாவது ஆச்சுன்னா பேரண்ட்ஸுக்கு யார் பதில் சொல்றது? அரையிறுதி வரைக்கும் போனதே பெருசு. நல்லாத்தானே போயிட்டிருக்கு?” என்றார். எழுதிக் கொடுத்த கடிதத்தையும் புன்னகையோடு திருப்பித் தந்தார்.

சரி, விதியையாவது எடுத்துவிடுவோம் என்று எடுத்தேன். எத்தனை டச் வேண்டுமானாலும் தொடுங்கள், ஓடுங்கள், அடியுங்கள் என்றேன். முதலில் யாரும் நம்பவில்லை. மூன்றாம் நாள் கேப்டன் ஓங்கி ஒன்று அடித்தாள். நல்ல அடி, அழகான அடி. ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடி தெறித்து விழுந்தது. மாலைக்குள் சுற்றறிக்கை வந்தது. இன்னொரு கண்ணாடி உடைந்தால் கால்பந்தே கிடையாது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகளை நிற்கவைத்து, பழையபடி இரண்டு டச் என்று நானே சொன்னேன். அவர்கள் தலையாட்டிவிட்டு ஆடப் போனார்கள். 

ஏப்ரலில் வேலையைப் புதுப்பிக்கும் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். தமிழ்ப் பெண்ணைப் பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். என்ட்ரன்ஸ் பயிற்சியும் சேர்ந்த பள்ளி. அங்கே விளையாட்டு வகுப்பே கிடையாது என்று அவள் அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

போன மாதம் மாற்றுச் சான்றிதழ் நகல் வாங்க அவள் வந்திருந்தாள். நான் புதுப் பிள்ளைகளோடு பஸ்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். உயரமாகியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் இங்கேயேதானா மேடம்?” என்றாள்.

“இங்கேயேதான்” என்றேன். “நீ ஆடறியா?”

இல்லை என்று தலையசைத்தாள். வெளியே ஆட்டோவில் அவள் அம்மா காத்திருந்தார். அவள் போனாள். நான் விசிலை ஊதினேன்.