கப்பலில் இருந்த மகன்

என் தம்பி பாலமுரளி சினிமாவில் லைட்மேன். தன் முகமோ நிழலோ படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலையில் பாதி. அதை அவன் நன்றாகச் செய்தான். அவன் வேலை பார்த்த எத்தனையோ படங்களை அப்பாவும் அம்மாவும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றிலும் அவனைப் பார்த்ததில்லை.

முக்கொம்பில் ஒரு பாட்டு எடுக்க யூனிட் வந்திறங்கியபோது, அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கல்யாண வீடுகளுக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தான். நனைந்த கேபிளைப் பார்க்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனவன் அவர்களுடைய வேனிலேயே சென்னைக்குப் போய்விட்டான். அப்பா திருவேங்கடம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரயில்வேயைத் தவிர வேறு எதையும் அவர் வேலை என்று நினைத்ததில்லை. யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "கரண்டு வேலைதான் பாக்குறான், கொஞ்சம் தூரத்துல" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலை இழுத்து இழுத்து, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டுக்குள்ளேயே நடப்பார். முரளிக்குக் கல்யாணம் ஆகவில்லை. படப்பிடிப்பு இல்லாத நாட்களில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, முகம் மழித்துவிட்டுப் போவான். கப்பலில் படப்பிடிப்பு என்று அவன் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அங்கே குளிக்க நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பினான்.

குடும்பங்கள் விடுமுறைக்குப் போகிற பெரிய கப்பல் அது. சென்னையில் ஏறினால் இலங்கையில் இரண்டு துறைமுகங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். பயணிகள் பாட்டுக்கு நீச்சல்குளத்தில் கிடப்பார்கள். ஓரமாகப் படப்பிடிப்பு நடக்கும். யூனிட் ஆட்களுக்குக் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைகள். விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. எந்நேரமும் விளக்கோடு திரிகிறவனுக்கு அந்த இருட்டு பிடிக்கவில்லை என்று பிறகு சொன்னான். கப்பலில் தீக்குச்சி கொளுத்தக் கூடாது. முதல் நாள் பூஜையில் கற்பூரம் ஏற்றாமல் பூசணிக்காயை மட்டும் காட்டி எடுத்தார்களாம். பூஜை ஒட்டவே இல்லை என்று உதவி இயக்குநர்கள் புலம்பினார்கள்.

எல்லாருக்கும் கப்பலில் இடம் இல்லாததால், ஆட்களைக் குறைத்துத்தான் போயிருந்தார்கள். கதாநாயகன் மேல் ஜூஸைக் கொட்டிவிட்டுச் சிரிக்கிற வெயிட்டர் வேடத்துக்கு ஆள் இல்லை. கொண்டுவந்த சீருடை முரளிக்குச் சரியாக இருந்தது. ஒரே ஒரு ஷாட் என்றார் இயக்குநர். முரளி சிரித்த சிரிப்பு கதாநாயகனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த நாள் வெயிட்டருக்கு இன்னொரு காட்சி எழுதினார்கள். அதற்கடுத்த நாள் இன்னொன்று. முடியையும் மீசையையும் படம் முடிகிறவரை தொடக்கூடாது என்று ஒரு பெண் வந்து அவன் முகத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். காட்சிக்குக் காட்சி ஆள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா.

அப்பா போனது கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலை. காபியை ஆற்றிக்கொண்டு அம்மா போனபோது கண் திறந்தபடி இருந்தார். நான் திருச்சி கே.கே. நகரில் என் வீட்டிலிருந்து வந்து சேர்ந்ததும் முரளிக்குப் போன் செய்தேன். நடுக்கடலில் டவர் கிடையாது. கப்பலின் வைஃபை புரொடக்‌ஷன் மேனேஜர் ஜெய்சங்கர் போனில் மட்டும் இருந்தது. அவருக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் காட்டின. பதில் இல்லை.

அந்த நேரத்தில் முரளி சீருடையோடு மேல்தளத்தில் நின்றிருக்கிறான். ஷாட்டுக்கு ஷாட் இடைவெளியில் ஒரு சின்னப் பெண் வந்து மேங்கோ ஜூஸ் கேட்டாளாம். பெயர் கனிஷ்கா. தான் கப்பல் ஆள் இல்லை என்று சொல்லிப் பார்த்தான். "டிரெஸ் போட்டுருக்கீங்களே" என்றாள். போய் வாங்கி வந்து கொடுத்தான். அவளுடைய அப்பா ஊரை விசாரித்தார். அவர்களும் திருச்சிதான், கே.கே. நகர். ஸ்ரீரங்கத்துப் பையனா என்று சந்தோஷப்பட்டு, "தினமும் கப்பல்லயே இருக்கீங்க. குடுத்து வச்சவருங்க நீங்க" என்றார். முரளி சிரித்துக்கொண்டே போய் அடுத்த ஷாட்டிலும் சிரித்தான். இங்கே நாங்கள் அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தோம்.

பேக்கப் சொன்ன பிறகுதான் ஜெய்சங்கர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத முரளி. மேல்தளம் நமக்கு இன்னிக்கு மட்டுந்தான். காலையிலேயே சொல்லிருந்தா மட்டும் நீ எங்க போயிருப்ப? சுத்தித் தண்ணி."

கோபப்படக்கூட முடியவில்லை என்றான் என்னிடம். அவர் சொன்னது உண்மையும்கூட.

அவருடைய போனிலிருந்து பேசினான். மறுநாள் காலை கப்பல் சென்னைக்கு வந்துவிடும், சாயங்காலத்துக்குள் வீட்டில் இருப்பேன், அதுவரை அப்பாவை வைத்திருங்கள் என்றான். ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். உறவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஐஸ் பெட்டி வாங்கி வைத்தோம்.

மறுநாள் விடியும்போதே இங்கே மழை. சென்னைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கூண்டு ஏறிவிட்டால் உள்ளே நிற்கிற கப்பல்களையே வெளியே கடலுக்கு அனுப்பிவிடுவார்களாம்; வெளியிலிருந்து வருகிற கப்பலை எப்படி விடுவார்கள்? கப்பல் கரைக்கு வராமல் விலகி நிற்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போல் உண்டு என்றும் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு நாள் ஓசியில் கிடைத்தது என்று பெரியவர்களுக்கும் குஷி. முரளி படியேறி மேல்தளத்துக்குப் போவதும், கரை தெரியாமல் கீழே இறங்குவதுமாக இருந்தான். மழைக்காகக் கதவுகளைப் பூட்டியபின் அதுவும் இல்லை.

மேலூர் ரோட்டில் கரண்டு போனது. ஐஸ் பெட்டியின் மோட்டார் நின்றதும் வீடே நிசப்தமாகிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜெய்சங்கர் எண்ணுக்கு அடித்தேன். இந்த முறை அவர் உடனே எடுத்து, போனை முரளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் குரலே மாறிவிட்டது. வேலையில் இருப்பவன் குரல். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நஸ்ருல்லா என்று ஒருவர் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார், தன் பெயரைச் சொன்னால் வருவார் என்றான். எந்த அளவு ஜெனரேட்டர், எவ்வளவு நீளம் வயர், எங்கே வைக்க வேண்டும், பெட்டிக்குத் தனி லைன் எப்படி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நஸ்ருல்லா அண்ணன் அந்த மழையிலும் மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். "முரளி அப்பாவா? அவர் எனக்கும் பழக்கம்தான்" என்று தானே வயர் இழுத்தார். பெட்டி மறுபடி இரைய ஆரம்பித்தது. அம்மா அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கடலில் இருந்துகொண்டே பிள்ளை அப்பாவைப் பார்த்துக்கொள்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஒரு ராத்திரி அப்படித் தாண்டியது. காலையில் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கூண்டு இறங்கவில்லை. சித்தப்பா என்னை ஓரமாக அழைத்துப் போய், இதற்கு மேல் தாங்காதம்மா, தம்பியிடம் நீயே பக்குவமாகச் சொல் என்றார். அம்மாவோ பிடிவாதமாக இருந்தாள். அவன் வராமல் எடுக்கக் கூடாது.

நான் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனில் அவன் முதலில் கேட்டது ஜெனரேட்டரைத்தான்.

"தண்ணி எது வரைக்கும் வந்துருக்கு?"

வாசலைத் தொட்டுவிட்டது என்றேன். செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறோம், நஸ்ருல்லா அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார் என்றேன்.

அங்கே பின்னால் ஏதோ பாட்டுப் போட்டிருந்தார்கள்.

"தண்ணிக்குள்ள வச்சு ஓட்டக்கூடாதுக்கா. வயர்ல எங்கயாவது கசிஞ்சா சுத்தி நிக்கிற அத்தன பேரையும் அடிச்சுரும். அண்ணனை நிறுத்தச் சொல்லு."

"நிறுத்திட்டா பெட்டி?"

"அப்பாவை எடுத்துடுங்க."

கொள்ளி யார் வைப்பது என்று கேட்டேன். சித்தப்பா மகன் சித்தார்த் வைக்கட்டும் என்றான். அப்பா முகத்தைக் காட்டவா என்றேன். வேண்டாம் என்றான். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அவன் என்ன சொன்னானோ தெரியாது. அம்மா கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். பிறகு எழுந்து போய், பெட்டிக்கு மேலிருந்த மாலைகளை அவளே எடுத்தாள்.

ஓயாமாரிச் சுடுகாட்டுக்குப் போகும் வண்டி கிளம்புகிறது என்று ஜெய்சங்கர் போனுக்குச் செய்தி அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு முரளி மேக்கப்மேன் ஆசீரின் அறைக் கதவைத் தட்டியிருக்கிறான். மொட்டை போட்டு மீசை எடுத்துவிடச் சொன்னான். ஆசீர் தயங்கினார். வெயிட்டருக்கு இன்னும் ஒரு காட்சி பாக்கி.

"டைரக்டர் கேட்டா நான் என்னப்பா சொல்றது?"

"எங்கப்பா செத்துட்டாருன்னு சொல்லுங்க."

இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத குளியலறை. கழிப்பறை மூடி மேல் உட்காரவைத்து, கப்பலின் ஆட்டத்தில் வெட்டிவிடாமல் ஆசீர் மெல்ல மெல்ல மழித்தார். பாதியில் அவருக்குத்தான் கண் கலங்கியதாம். விளக்கேற்றிக் கும்பிடவாவது முடியுமா என்று முரளி கேட்டான். முடியாது, புகை பட்டால் மணி அடிக்கும். தன்னிடம் இருந்த சின்ன டார்ச்சை எரியவிட்டுச் சுவரோரம் நிறுத்திவைத்துக் கும்பிட்டான்.

இயக்குநர் மொட்டைத் தலையைப் பார்த்தார். பாக்கிக் காட்சியைப் பிறகு சென்னையில் செட் போட்டு, முரளிக்கு விக் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெய்சங்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கூண்டு இறங்கிக் கப்பல் கரைக்கு வந்து, முரளி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பால் தெளித்து, அஸ்தி கரைத்து எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் இரண்டு மொட்டைத் தலைகள் எதிரெதிரே நின்றன. "அண்ணே" என்று சொல்லிவிட்டு சித்தார்த் தலைகுனிந்துகொண்டான். கொள்ளி வைத்தவன்தான் கருமாதி வரை எல்லாம் செய்ய வேண்டும். அது எங்களில் மாறாத வழக்கம். ஆகவே தன் வீட்டிலேயே முரளிக்குச் செய்ய எதுவும் இல்லை. தினமும் சித்தார்த் குளித்துவிட்டு வருவான், சோறு வைப்பான், காக்காயைக் கூப்பிடுவான். முரளி தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் சித்தார்த்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நீதானே மகன் என்று அழுதார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் அண்ணனைக் கைகாட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் அடைபட்டுப்போய், கப்பலே தேவலாம் போல இருக்கிறதே என்று முரளி ஒருநாள் சொன்னான்.

அவனுக்கென்று ஒன்றுதான் மிச்சம். கருமாதி அன்று உருமா கட்டுவது. தகப்பன் போன பிறகு வீட்டுக்குப் பெரியவன் இனி நீதான் என்று தாய்மாமன் புது வேட்டியை மகன் தலையில் கட்டுவார். யார் கொள்ளி வைத்திருந்தாலும் உருமா மகனுக்குத்தான் என்று மாமா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா வருகிறவர்களிடமெல்லாம் உருமாவைப் பற்றியே பேசினாள்.

ஜெய்சங்கர் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆறுதலாகத்தான் பேசினார். செட் தயார், கதாநாயகனின் தேதி கிடைத்துவிட்டது, விக்கும் வந்துவிட்டது. தேதியைச் சொன்னார். அது கருமாதி நாள்.

முரளி தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டான். கதாநாயகன் மறுநாள் வெளிநாடு போகிறாராம். காலையில் வந்தால் மத்தியானம் விட்டுவிடுகிறேன், சிரித்துவிட்டு ஓடிவந்துவிடு என்றார் அவர். தம்பி தன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் யாருக்கும் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. லைட்டைத் தூக்கிக்கொண்டு எத்தனை மாடி ஏறச் சொன்னாலும் ஏறுகிறவன்.

"வரமுடியாதுங்க" என்றான். "நான் கரையிலதான் இருக்கேன். ஆனா வரமுடியாது."

அதன்பின் அடுத்த படப்பிடிப்புக்கு அவனைக் கூப்பிடவில்லை. படம் வந்தபோது அந்த வெயிட்டர் பாதியில் காணாமல் போயிருந்தான். யாரும் தேடியதாகத் தெரியவில்லை. முரளி இப்போது நஸ்ருல்லா அண்ணனோடு ஜெனரேட்டர் வேலை பார்க்கிறான். சென்னைக்குத் திரும்பிப் போவாயா என்று கேட்டால் வயரைச் சுருட்டப் போய்விடுகிறான்.

கருமாதி காவிரிக்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் நடந்தது. ஆற்றில் புது வெள்ளம். சித்தார்த் பிண்டம் கரைத்துவிட்டு ஈரத்தோடு ஒதுங்கி நின்றான். ஐயர் முரளியைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார். மாமா புது வேட்டியைப் பிரித்துத் தலையில் சுற்றினார். அப்போதுதான் மறுபடி மழித்திருந்த தலை; ஈரம் வேறு. துணி நிற்காமல் வழுக்கி வழுக்கிக் காதுக்கு இறங்கியது. கூட்டத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். மாமா மறுபடி சுற்றினார், மறுபடி வழுக்கியது. பரவாயில்லை, பேருக்குக் கட்டினால் போதும் என்றார் ஐயர்.

முரளி ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மாமாவை அண்ணாந்து பார்த்தான்.

"அவுந்தாலும் பரவாயில்ல மாமா. திரும்ப முதல்லேருந்து கட்டுங்க. நான் இருக்கேன்."