பவளத்தைத் திருப்பி வைத்த பத்தர்

பொறும் சரசு, உம்முடைய மருமகளின் கதை பிறகு. கையில் இருப்பது வெள்ளிப் பன்னீர்ச் செம்புதானே? அந்தச் சிவப்பு பவளமென்றால் பழப்புளியில் கழுவாதேயும். புளி மணம் மூக்கில் ஏறினாலே எனக்கு மூத்தவளின் கலியாணம்தான் நினைவுக்கு வரும்.

சண்டையால் சோப்புச் சவர்க்காரம்கூடக் கிடைக்காத காலம் அது. மாப்பிள்ளையின் தாய் உடுப்பிட்டியில் இருந்து தன் செம்பை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு அந்தச் செம்பால்தான் படலை வாசலில் பன்னீர் தெளிக்க வேண்டுமாம். அதன் வயிற்றைச் சுற்றிப் பதினொரு பவள மணிகள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பிப்போன பிள்ளை என்னுடையவள். நானோ கெட்டிக்காரி, செம்பைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டுவிட்டு மா இடிக்கப் போனேன். மத்தியானம் எடுத்தால் வெள்ளி கண்ணைப் பறித்தது. பவளமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிக் கிடந்தது.

விடிந்தால் கலியாணம். செம்பை மடியில் கட்டிக்கொண்டு நகை செய்கிற பத்தரிடம் ஓடினேன். புதுப் பவளத்துக்கு எங்கே போவது, கப்பலா வருகிறது என்றார். பிறகு ஒரு மணியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“மணி முழு உருண்டை அக்கா. பாதி உள்ளுக்கை அரக்கிலை புதைஞ்சு கிடக்கு. புளி அங்கை போயிராது. திருப்பி வைப்பம்.”

உமித்தணலில் செம்பைக் காட்டி அரக்கை இளக்கினார். சூடு கூடினால் பவளம் வெடிக்கும், குறைந்தால் அரக்கு விடாது. ஏழாவது மணியைத் திருப்பும்போது குண்டு போடும் பொம்மர் மேலே இரைந்தது. அயலெல்லாம் பங்கர்க் குழிக்குள் ஓடிற்று.

“நீங்கள் ஓடுங்கோ அக்கா. இப்ப விட்டால் அரக்கு இறுகிப்போம்.”

“அப்ப நானும் இருக்கிறன்.”

தைரியமென்று நினையாதேயும். அந்தச் செம்பில்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? தணலுக்கு நான் விசிறிய வேகத்தில் சாம்பல் பறக்க, பத்தர் விசிறியைப் பிடுங்கி வைத்தார். குண்டு பக்கத்து வயலில் விழுந்தது. கூரையில் இருந்து ஓட்டுத்தூள் கொட்டியபோது அந்த மனிதர் தலையை மறைக்கவில்லை, செம்பைத்தான் மறைத்தார். பிறகு எட்டாவது மணியைத் திருப்பினார்.

மறுநாள் சம்பந்தியம்மா படலையிலேயே செம்பை வாங்கிச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்.

“என்னத்தாலை கழுவினனீங்கள்?”

“சாம்பலாலை.”

“கலியாணம் முடியட்டும். எங்கடை மற்றச் சாமானையும் உங்களிட்டைத்தான் தரப்போறன்,” என்று செம்பை என் கையில் தந்தார். சொன்னபடியே மற்றச் சாமானையும் தந்தும் விட்டார். ஒரு கிழமை முழுக்கச் சாம்பலால் தேய்த்தேன்!

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது அந்தச் செம்பு சம்பந்தி வீட்டாரோடு போய் எங்கேயோ கைமாறிவிட்டது. அந்த நடையில் போன பத்தரும் திரும்பி வரவில்லை. இப்போது கடையில் கேட்டால் பவளத்தைத் தட்டையாகச் சீவிப் பசையால் ஒட்டித் தருகிறார்கள். திருப்பி வைக்க அதற்கு மறுபக்கமே இல்லை.

ஐயோ, மழை துமிக்கிறது. முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காய்கிறது சரசு, பாயின் அந்த நுனியைப் பிடியும்.