பஞ்சு பொறுக்கப் போன இமோஜென்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்குக் கோபமில்லை. ஆனால் இது நடந்தது. போன நவம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பட்டப்பகலில். அதற்கு நானும் காரணம்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பழைய பஞ்சாலை, இப்போது மியூசியம். பள்ளிப் பிள்ளைகள் வந்து ஒரு மணி நேரம் 1830களில் ஆலையில் வேலை செய்த குழந்தைகளாக இருந்து பார்ப்பார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் அந்தக் காலத்துக் குழந்தை ஒன்றின் பெயர் அட்டை தொங்கும். அந்தப் பெயருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு மேஸ்திரி வேடம். நாடகம் சோறு போடவில்லை என்று இந்த வேலைக்கு வந்தவன். அதனால் கொஞ்சம் அதிகமாகவே கத்துவேன்.

அன்று இமோஜென் என்ற ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கிடைத்த பெயர் டேபிதா. சரியான வாயாடி.

"சார், உங்க மீசை கழண்டு விழுது!"

வகுப்பே சிரித்தது.

"டேபிதா! வாய மூடிக்கிட்டு மெஷினுக்கு அடியில போய் பஞ்சு பொறுக்கு!"

தவழ்ந்து போனாள். மணி 2.10. அந்த நூற்பு இயந்திரம் ஓடி நாற்பது வருடம் ஆகிறது. அதை ஓட்டும் பெல்ட்கூடக் கிடையாது.

2.13. அடியிலிருந்து குரல்.

"சார்... இங்க இன்னொரு பொண்ணு இருக்கா."

நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"பேசாம வேலையப் பாரு!"

"நெஜமா சார்! கைய விட மாட்டேங்குறா... நான் இமோஜென்! வெளிய இழுங்க!"

வேடத்தைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. குனிந்து கை நீட்டியிருக்கலாம். பாவி, நான் செய்யவில்லை.

"இங்க இமோஜென்னு யாரும் கிடையாது!"

டக்... டக்... டக்...

இயந்திரம் ஓடும் சத்தம். ஆனால் எதுவும் அசையவில்லை.

நின்றது.

அவள் வெளியே வந்தாள். அதே முகம். அதே சட்டை.

"இமோஜென்?" என்றார் அவள் டீச்சர்.

திரும்பவில்லை.

"டேபிதா?" என்றேன்.

"வந்துட்டேன் ஐயா... அடிக்காதீங்க."

நான்கு மாதமாகிறது. பெற்ற தாயை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். அதிர்ச்சி என்கிறார்கள் டாக்டர்கள்.

போன வாரம் ஆவணக் காப்பகத்தில் டேபிதாவின் மரண விசாரணைக் குறிப்பைப் படித்தேன். 1834. இயந்திரத்துக்கு அடியில் நசுங்கி, மாலைவரை உயிர் இருந்திருக்கிறது. குமாஸ்தா எழுதியிருந்தது இதுதான்:

'தன் பெயர் இமோஜென் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், மூன்றரை மணிக்கு அம்மா பள்ளி வாசலில் நிற்பாள் என்று கெஞ்சியது.'